எரிமலைக்கு ஒன்ஸ்மோர்

நம் ஊர் நாடக மன்றத்துத் தம்பிகள் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். ஆண்டு விழாவுக்கு மலர் போடுகிறார்களாம். பெரிய மனிதர்களின் வாழ்த்துரை, அரிசி மில் விளம்பரம், ஜவுளிக்கடை விளம்பரம் எல்லாம் போக நாலு பக்கம் மிச்சம் இருக்கிறதாம். அந்த மிச்சத்துக்கு நான்.

"சார், அந்தக் காலத்துல நீங்க எரிமலைக்கே ஒன்ஸ்மோர் வாங்கினீங்களாமே! அத்த எழுதுங்க சார். நல்லா ஜாலியா" என்றார் செயலாளர்த் தம்பி.

சிரிக்கிற மாதிரி எழுதுவது எனக்குக் கஷ்டமில்லை. ஐம்பது வயதுக்குள் நுரையீரலைப் புகைக்குத் தாரை வார்த்துவிட்டு, டாக்டர் சொன்னதால் தொழிலை விட்டவன் நான். என் இருமலையே ராகம் பிரித்துப் பாடிக் காட்டுவேன். ஆனால் அந்த 'ஜாலியா' மட்டும் மீன் முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது. ஆகையால் எழுதுகிறேன். எழுதியபடியே போடுவதானால் போடுங்கள். இல்லாவிட்டால் அரிசி மில் விளம்பரத்தை இரண்டு தடவை போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் ஆர்.கே.பேட்டை. வீட்டில் தறி. தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு மடியில் புத்தகம் வைத்துப் படித்ததில் ஒரு பாவு நூலைப் பாழாக்கினேன். அப்பா கும்பிட்டு அனுப்பிவிட்டார். அப்போது ஊரில் முகாம் போட்டிருந்த நாடகக் கம்பெனி, பாழாக்கத் தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தது போலிருக்கிறது. சேர்ந்துவிட்டேன். தகரத்தை ஆட்டினால் இடி, முறத்தில் பட்டாணியை உருட்டினால் மழை, எண்ணெய்க் காகிதத்துக்குப் பின்னால் விளக்கைத் தூக்கினால் சந்திரன். சில வருஷங்களில் பஞ்சபூதங்களும் எனக்கு மாமன் மச்சான் ஆகிவிட்டன. திரைக்கு முன்னால் நிற்கிற நடிகர்களுக்குப் பட்டம் உண்டு. பின்னால் இருக்கிற எனக்கு 'டிரிக் சீன் ஆளு' என்று பெயர். சாப்பாட்டுப் பந்தியில் அதுவும் இல்லை, 'ஏய்'.

யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சென்னைப் பட்டணம் பாதி காலியாகித் திருத்தணியில் மாட்டுக்கொட்டகைகூட வாடகைக்குக் கிடைக்காத நேரம். எங்கள் கம்பெனியும் பட்டணத்தை விட்டு வந்து, ரயில் நிலையத்துப் பக்கம் கொட்டகை போட்டது. ஜனங்கள் குண்டுக்குப் பயந்து வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு அதைவிடப் பெரிய பயத்தைக் காட்டினால்தான் எடுபடும் என்று எங்கள் கதாசிரியர் கணக்குப் போட்டார். அப்படிப் பிறந்ததுதான் 'அக்கினிமாலை' என்ற மலைத்தொடர்.

எந்தத் தேசப்படத்திலும் அது கிடையாது. அவருடைய வெற்றிலைப் பெட்டிக்கும் கூரைக்கும் நடுவில் இருந்த தேசம் அது. ஏழு மலை. முதல் மலை பெருமூச்சு விடும், அந்த மூச்சில் பறவைகள் வெந்து விழும். அடுத்தது சாம்பலை மழையாகப் பெய்யும். மூன்றாவதில் நெருப்பு ஆறாக ஓடும், அதில் நெருப்பு மீன்கள். இப்படியே போய்க் கடைசி மலைக்குப் பெயர் பொய்பொறாமலை. அதன் அடிவாரத்தில் நின்றுகொண்டு யாராவது பொய் சொன்னால் போதும், வெடித்துவிடும். துரோகி மந்திரி அங்கே நின்று, "நான் குற்றமற்றவன், நான் பொய்யே சொன்னதில்லை!" என்பான். மலை அவனை விழுங்கும். ராஜகுமாரன் தப்புவான். சுபம்.

ஆசிரியர் ஒரு மூச்சில் எழுதிவிட்டார். கட்ட வேண்டியவன் நான். எங்களில் ஒருவரும் எரிமலையைப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த எரிமலை செங்கல் சூளை, எனக்குத் தெரிந்த மலை எதிரே நிற்கிற முருகன் மலை. இரண்டையும் சேர்த்துப் படுதாவில் எழுதி முடித்தபோது, வேடிக்கை பார்க்க வந்த பூக்காரர் ஒருவர் பதறிப் போனார்.

"இன்னாய்யா இது, நம்ம சாமி மலையில நெருப்பு வச்சிக்கினு கீறீங்க?"

"இது வேற தேசங்க."

"வேற தேசத்துல நம்ம மலைக்கு இன்னா வேல?"

முதலாளி வந்து பார்த்தார். "நீலமா அடிச்சிடு. நீலமா இருந்தா வெளியூர் மலை" என்றார். மூங்கிலும் கோணியும் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் ஏழில் ஆறு மலைகள் படுதாவோடு சரி. பொய்பொறாமலையை மட்டும் ஆள் உள்ளே உட்காரும்படி கட்டினேன்.

கட்டின விதத்தைச் சொல்லியாக வேண்டும். இது தெரியாமல் பின்னால் நடந்ததற்குக் கோபப்பட முடியாது. நீங்களும் கோபப்பட வேண்டும் என்பது என் ஆசை.

மூங்கில் பிளாச்சுகளைக் கூம்பாகக் கட்டி, மேலே கோணி போர்த்தி, களிமண் பூசி, படிகாரத் தண்ணீரில் நனைத்துக் காய வைப்போம். படிகாரம் ஏறின கோணி சுலபத்தில் தீப்பிடிக்காது. உச்சியில் மண் வளையம், அதற்குக் கீழே இரும்புச் சட்டி, சட்டியில் எண்ணெய்ப் பந்தம். உள்ளே ஒரு பலகையில் ஆள் உட்காருவான். தலையிலிருந்து தோள் வரை ஈரக் கம்பளி. கையில் ஊதுகுழல், குழலில் இடித்துச் சலித்த குங்கிலியப் பொடி. ஒரே மூச்சாகப் பந்தத்தின்மேல் ஊதினால் பொடி முழுக்கப் பற்றிக்கொண்டு இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பும். மூன்று ஊது. பிறகு சட்டியை ஈரச் சாக்கால் மூடி, கம்பளியை எடுத்துப் போட்டுவிட்டு, முதுகுப் பக்கத்துக் கோணிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட வேண்டும். ஏனென்றால் எரியாத பொடி உள்ளே மிதந்துகொண்டிருக்கும். அது அடங்குவதற்குள் மறுபடி நெருப்பைக் காட்டினால், மலைக்கு உள்ளேயே காற்று முழுக்கப் பற்றும். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. மாவு மில்காரனைக் கேட்டாலும் சொல்லுவான்.

உள்ளே உட்கார்ந்தவன் எத்திராஜ். கே.ஜி.கண்டிகைக்காரன், என் வயது. ஏர் ஓட்டுகிறவன். கோயில் கூத்துகளில் பந்தத்தில் பொடி போடுகிறதைப் பார்த்து நான்தான் கம்பெனிக்கு அழைத்து வந்தேன். பெண் கொடுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை, ஆனாலும் நாங்கள் மச்சான் முறை வைத்து ஒருவரை ஒருவர் 'பாவா' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவன் ஊதினால் தீ கூரையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கும்.

"இன்னா பாவா, ராஜபார்ட்டுக்கு ரோசாப்பூ மாலை போடுறானுங்க. மலைக்கு எவனும் போட மாட்டேன்றான்" என்பான்.

"நீ வெளிய வந்து நில்லு, போடுவானுங்க."

"வெளிய வந்தா நான் எத்திராஜிதானே. உள்ள இருந்தாதான் மலை."

இனி முதலாளி. கம்பெனி முழுக்க அவரை 'நைனா' என்றுதான் கூப்பிட வேண்டும். நல்ல சிவப்பு, மல் ஜிப்பா, காதில் அத்தர்ப் பஞ்சு. குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. திட்டமாட்டார், உத்தரவு போடமாட்டார். எல்லாவற்றையும் நம்மையே கேட்பார். "உனக்குத் தெரியாததாப்பா?" என்பார். அதைச் சொல்லும்போது நம் தோளில் ஒரு விரலை வைப்பார், ஒரே ஒரு விரல். அதற்குப் பிறகு நாம் என்ன செய்தாலும் அது நம் யோசனை ஆகிவிடும். ஒரு நடிகனைக் கம்பெனியை விட்டு நீக்கினபோதுகூட அவன் தானே யோசித்து விலகியதாக நினைத்துக்கொண்டு, அவர் காலில் விழுந்துவிட்டுப் போனான்.

மேடையில் அவருடைய ஆயுதம் ஒரு வெண்கல மணி. ஒரு அடி அடித்தால் திரை விழும். இரண்டு அடித்தால் ஒன்ஸ்மோர். தம்பிகளுக்கு இது தெரியாது. அந்த நாளில் ஜனங்கள் ஒன்ஸ்மோர் கேட்டால், செத்தவனும் எழுந்து அந்தப் பாட்டை மறுபடி பாடிவிட்டுத்தான் சாகவேண்டும். கொடுக்காவிட்டால் பெஞ்சு பறக்கும். மலைக்குள்ளே இருப்பவனுக்குப் பேச்சு கேட்காது, ஆட்டம் தெரியாது. தகர இடியும் மணியும்தான் கேட்கும். ஆகையால் ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் நான் நைனாவிடம் போனேன்.

"நைனா, பாட்டுக்கு எத்தினி வாட்டி வேணா ஒன்ஸ்மோர் குடுங்க. மலைக்குக் கெடையாதுங்க. உள்ள இருக்கிறவன் வெந்துடுவான்."

"ஆங். உனக்குத் தெரியாததாப்பா?"

"மணி அடிக்க மாட்டீங்களே?"

"நான் அடிப்பேனா? நீயே சொல்லு, நான் அப்படிப்பட்டவனா?"

விரல் தோளில் இருந்தது. "இல்லீங்க நைனா" என்றேன். யோசித்துப் பாருங்கள், வாக்குக் கேட்கப் போனவன் நான். கொடுத்துவிட்டு வந்தவனும் நானே.

ஆடிக் கிருத்திகையன்று ஊர் முழுக்கக் காவடி. கூட்டம் ரயிலேறுவதற்குள் பிடித்துவிட வேண்டுமென்று ஆட்டத்தை மாலையிலேயே தொடங்கினார்கள். கொட்டகை பிதுங்கியது. முன் வரிசைச் சோபாவில் பட்டணத்திலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு பெரிய உத்தியோகஸ்தர், குடும்பத்தோடு. வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. தகரம் ஆட்டுகிறவன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். ஆகவே இடியும் என் பொறுப்பு. மலை மேடையின் ஒரு கோடியில், நான் தகரத்தோடு மறு கோடியில்.

மந்திரி வந்து மார்தட்டினான். "நான் குற்றமற்றவன், நான் பொய்யே சொன்னதில்லை!" நான் தகரத்தை ஆட்டினேன். எத்திராஜ் ஊதினான். அப்படி ஒரு ஊதலை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. தீ எழும்பி நின்று, ஒரு கணம் யோசித்துவிட்டு இறங்கினது. மூன்று முறை. மந்திரி செத்தான். கொட்டகை அதிர்ந்தது. காவடி தூக்கி வந்த ஜனங்கள் எழுந்து நின்று "அரோகரா!" என்றார்கள்.

அப்போது முன் வரிசையில் கைத்தடி உயர்ந்தது. "ஒன்ஸ்மோர்!"

அந்த ஒரு குரல் போதும். பின்னால் கொட்டகை முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. நான் நைனாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கைத்தடியைப் பார்த்தார். புன்னகை செய்தார். மணியை எடுத்தார். இரண்டு அடி.

"வேணாங்க நைனா! வேணா!" என்று கத்தினேன். ஆர்மோனியம் ஆரம்பித்துவிட்டது. செத்த மந்திரி எழுந்து மீசையைச் சரி செய்துகொண்டு மறுபடி குற்றமற்றவன் ஆனான். மலைக்குப் போக மேடையைக் குறுக்கே கடப்பதைத் தவிர வேறு வழியில்லை. தகரத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். வெற்றுடம்பு, இடுப்பில் கைலி, மூஞ்சி முழுக்கக் கரி. என் வாழ்நாளில் ஜனங்களுக்கு முன்னால் நான் மேடையேறினது அந்த ஒரு தடவைதான். நல்ல வரவேற்பு.

"தோ பார்றா, மலைக்கரடி ஒண்ணு ஓடியாறுது!" என்று ஒருவன் கூவினான். கொட்டகை சிரித்து உருண்டது.

நான் பாதி மேடையில் இருக்கும்போது மலை பற்றியது. மேலே ஒன்றும் வரவில்லை. பக்கவாட்டில், கோணித் தையல்களின் வழியே, ஓட்டைப் பானைக்குள் விளக்கு வைத்தாற்போல் மலை முழுக்க வெளிச்சம் கசிந்தது. உள்ளேயிருந்து ஓர் அலறல்.

கைதட்டினார்கள்.

இதைத்தான் தம்பிகள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த அலறலுக்குக் கைதட்டினார்கள். முன்னைவிடப் பலமாக. தட்டி முடித்ததும் மறுபடி கேட்டார்கள், "ஒன்ஸ்மோர்!" காவடி எடுத்தவர்கள், விரதம் இருந்தவர்கள், வண்டிமாட்டைச் சாட்டையால் அடித்தால் 'ஐயோ பாவம்' என்கிறவர்கள். உத்தியோகஸ்தர் தன் மனைவியிடம் குனிந்து ஏதோ சொல்லிச் சிரித்தார். எப்படிச் செய்கிறார்கள் என்பதை விளக்கியிருப்பார். படித்தவர்.

பின் கதவை உதைத்துத் திறந்து எத்திராஜை இழுத்தேன். மூன்றாவது ஊது முடிந்ததும் சட்டியை மூடிக் கம்பளியை எடுத்திருந்தான், அதுதானே முறை. ஒன்ஸ்மோர் மணி கேட்டதும் அவசரத்தில் சாக்கை விலக்கி அப்படியே ஊதியிருக்கிறான். மலைக்கு ஒன்றும் ஆகவில்லை. படிகாரம் அவ்வளவு நல்ல சரக்கு.

திரை விழுந்தது. நைனா அதே மென்மையோடு மலையின் அடிவாரத்தைத் தாண்டி நடந்து, திரைக்கு முன்னால் போய்க் கைகூப்பினார். எங்களுக்கு முதுகு காட்டி நின்று பேசினது இன்னும் காதில் இருக்கிறது.

"மகா ஜனங்களே, இப்போது நீங்கள் கேட்டது மலைப் பூதத்தின் ஓலம். இந்த அதிசயத்தை நம் கம்பெனியில் மட்டுமே கேட்கலாம். எல்லோரும் சுகம். ஆட்டம் தொடரும்."

கதாசிரியரின் மலையாக இருந்தால் அப்போது வெடித்திருக்கும். நான் கட்டினது கோணி மலை. சும்மா நின்றது.

குதிரை வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தெரு முழுக்கக் காவடிக் கூட்டம். வண்டிக்காரர் கத்திக் கத்தி வழி கேட்டார். முகத்தில் ஈரத்துணி மூடி என் மடியில் கிடந்தவன் ஏதோ முணுமுணுத்தான். குனிந்தேன்.

"பாவா, மணி ரெண்டுதானே அடிச்சுது? நான் தப்பா கேக்கலியே?"

"ரெண்டுதான் பாவா."

"ஆங். ஒண்ணோன்னு பயந்துகினேன்."

ஆட்டத்தைக் கெடுத்துவிட்டோமோ என்பதுதான் அவன் பயம்.

ஒரு கண் போயிற்று. மற்றதில் பாதி. முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. உயிர் தப்பியதே பெரிது என்றார் டாக்டர். மறுநாள் நைனா சாத்துக்குடியோடு வந்தார். கட்டிலைப் பார்த்து உச்சுக்கொட்டினார். பிறகு என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய் விரலைத் தோளில் வைத்தார்.

"நீ கட்டின மலை. நீ கொண்டாந்த ஆளு. நான் என்னத்த சொல்ல? சாமி மலை மாதிரி வரைஞ்சதுக்கே ஊர்ல பேசிக்கினு கீறாங்க. போவட்டும். இன்னைக்கு ஊதுறதுக்கு வேற யாராவது இருக்கானா? உனக்குத் தெரியாததாப்பா?"

அந்த விரலைப் பிடித்து எடுத்துவிட்டேன். நான் செய்த வீரம் அவ்வளவுதான். ஒடிக்கவில்லை. இத்தனை வருஷமாகியும் அதில் எனக்கு வருத்தம் உண்டு.

நேரே கொட்டகைக்குப் போய், அரிவாளால் மலையின் கட்டுகளை அறுத்தேன். பிளாச்சு பிளாச்சாகப் பிரித்துப் போட்டேன். நடிகர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள், ஒருவரும் தடுக்கவில்லை, ஒருவரும் கைகொடுக்கவும் இல்லை. பின்னாலேயே வந்த நைனா, "பிரிச்சிடணும்னு உனக்குத் தோணுதா? சரி, பிரிச்சிடு" என்றார். பார்த்தீர்களா! என் கோபத்துக்கும் அவர்தான் அனுமதி கொடுத்தார். அடுத்த ஊரில் மலையை அட்டையில் வெட்டி நிறுத்தி, பூதத்தின் ஓலத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்று கேள்வி. ஓலத்துக்கு நல்ல கைதட்டலாம்.

அதற்குப் பிறகு வேறு கம்பெனிகளில் எத்தனையோ நெருப்பு வைத்திருக்கிறேன். இலங்கையைப் பலமுறை எரித்திருக்கிறேன். சேரும்போதே சொல்லிவிடுவேன்: நெருப்புக்கு ஒன்ஸ்மோர் கிடையாது, நெருப்புக் காட்சி முடியும்வரை மணி என் கையில் இருக்கும். பாதிப் பேர் சேர்த்துக்கொள்ளவில்லை. 'முசுடு' என்று பட்டம் கொடுத்தார்கள். ஆக, கடைசியில் எனக்கும் ஒரு பட்டம்.

இதை எழுதுவதற்கு முன்னால் கே.ஜி.கண்டிகைக்குப் போனேன். எத்திராஜ் பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருக்கிறான். பாதிக் கண்ணோடு அவன் டீ ஆற்றுவதைப் பார்க்கவே கூட்டம் நிற்கும், ஒரு சொட்டு கீழே விழாது. மலரில் எழுதலாமா என்று கேட்டேன்.

"தாராளமா எழுது பாவா. மலைக்கு ஒன்ஸ்மோர் வாங்கினவன் இந்த எத்திராஜின்னு எழுது. மூணாவது வாட்டியும் கேட்டானுங்க, எங்களாலதான் குடுக்க முடியலன்னு எழுது." பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரைப் பார்த்து, "இன்னா, நான் சொன்னா நம்பினீங்களா? தோ, சாட்சி வந்துகீறாரு" என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "உன்னக் கொளுத்திட்டுக் கை தட்டினானுங்கடா! அந்த ஆளு உன்னப் பூதம்னு சொல்லிட்டு ஆட்டத்த நடத்தினான். உனக்குக் கோவமே வர்லியா பாவா?"

அவன் டீயை ஆற்றி முடித்து, கிளாஸை என் முன்னால் வைத்தான்.

"வராம இன்னா. கோவம் வந்தா மூஞ்சி சுருங்குது இல்ல, தோலு இழுத்துக்குது, வலி தாங்க முடியல. அதான் உன்கிட்ட உட்டுட்டேன். நீதான் வச்சிக்கினு கீறியே, போதாதா?"

தம்பிகளே, உங்கள் ஆண்டு விழாவில் எரிமலையை மின்சார விளக்கால் காட்டப் போவதாகச் சொன்னீர்கள். நல்லது. உள்ளே ஆள் இல்லை. எத்தனை ஒன்ஸ்மோர் வேண்டுமானாலும் கொடுங்கள். ஆனால் என்னை முன் வரிசையில் உட்கார வைத்து மாலை போட வேண்டாம். அந்தக் குரல் மறுபடி கிளம்பும்போது நான் மேடைக்குக் குறுக்கே ஓடினாலும் ஓடுவேன்.

இந்தத் திருத்தணி மலைக்குப் பெருமையே, சாமிக்கே கோபம் தணிந்த இடம் என்பதுதான். எங்கிருந்தெல்லாமோ வந்து படியேறி, மனதில் இருப்பதை மேலே வைத்துவிட்டு லேசாக இறங்கிப் போகிறார்கள். நானும் ஏறியிருக்கிறேன். என்னுடைய கோபமாக இருந்தால் என்றைக்கோ அங்கே வைத்துவிட்டு வந்திருப்பேன். இது பாவாவுடையது. என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறான். நான் எப்படி அதை இறக்கி வைக்க முடியும்?